யோகம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓய்வதில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசெம்பரில் அறிவித்து, 2015 தொடக்கம் ஒவ்வோர் ஆண்டும் யூன் 21ஆம் திகதி கொண்டாடப்பட்டுவரும் சர்வதேச யோகா தினத்துக்காக, யாழ்ப்பாணத்திலும் பாடசாலை முற்றங்களிலும் மண்டபங்களிலும் பாய் விரிக்கப்படுகின்றது. அதில் கலந்துகொண்டு மனம் ஈர்க்கப்பட்ட இளையவர்கள், தாமும் யோக ஆசிரியராக வேண்டும் என்ற ஆவலோடு என்னை அழைத்து, "ரீச்சர், எந்தச் சான்றிதழுக்கு மதிப்புக் கூட?" என்று கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அந்தப் பயிற்சியில் நீங்கள் எத்தனை தடவை எழுந்து நின்று பிறருக்குக் கற்பிப்பீர்கள்? அதைப் பார்த்திருந்து உங்களைத் திருத்தப் போகிறவர் யார்? இதற்கு இதுவரை எவரும் உடனே பதில் சொன்னதில்லை. எனக்குத் தரப்பட்டிருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்கே செலவிட எண்ணியிருக்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். என் முதலாவது யோக ஆசிரியர் பயிற்சியை நான் இந்தியாவின் ஒரு நகரத்தில் பெற்றேன். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. 28 நாட்களில் 200 மணித்தியாலப் பயிற்சி. நாற்பது பேர் படித்தோம். என்னைத் தவிர அநேகமாக எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். சொன்னவுடன் வளையும் உடம்பு அவர்களுக்கு. நல்ல சான்றிதழோடு ஊர் திரும்பி, எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை காலை என் முதல் வகுப்பைத் தொடங்கினேன். எட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுள் முதலாவதாக வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து பாய்க்கு அருகில் வந்து, பாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, எனக்கு முழங்கால் மடங்காது. நான் எதில இருக்கிறது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. என் கையில் இருந்தது, சம்மணமிட்டு இருப்பதில் தொடங்கும் தொண்ணூறு நிமிடப் பாட ஒழுங்கு ஒன்று. நிலத்தில் இருக்க முடியாத ஒருவர் வருவார் என்பதை அந்த 200 மணித்தியாலத்தில் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. சுவரோரம் ஒரு கதிரையைப் போட்டு, "அம்மா, இன்றைக்கு இதில இருந்து பாருங்கோ" என்றேன். அவர் மடியில் கைகளைக் கோத்தபடி வகுப்பு முழுவதும் இருந்தார். மற்றவர்கள் மூச்சை இழுத்துக் கைகளை உயர்த்தியபோது, அவருடைய கைகளும் மடியிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, பிறகு இறங்கியதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.

அன்று அவரைக் கதிரையின் முன்விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் பதியும்படி வைத்து, மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்தி விடும்போது இறக்கும்படி சொல்லியிருந்தால், அதுவே அவருக்கு நிறைவான ஒரு பாடமாக இருந்திருக்கும். ஆளுக்கு ஏற்ப யோகம், யோகத்துக்கு ஏற்ப ஆள் அல்ல என்ற நெறியில், 1976ஆம் ஆண்டு சென்னையில் யோக ஆசிரியர் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற நிலையம் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். அந்த அம்மா கேட்ட கேள்வியை அதற்குள் பல பேர் வேறு வேறு சொற்களில் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 200 மணித்தியாலம் என்ற அளவு உலகெங்கும் பரவுவதற்குப் பெரிதும் காரணமாக இருந்தது, அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு உருவான யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் கற்பித்துப் பழக அரை மணித்தியாலம் கொடுத்தால், அதற்கு மட்டும் 20 மணித்தியாலம் தேவை. இரண்டு தடவை கொடுத்தால் 40 மணித்தியாலம், மொத்தப் பயிற்சியில் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய வகுப்புகளில் இந்தப் பகுதியே சுருங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். எனக்கு 28 நாட்களில் ஒரே ஒரு தடவை, பதினைந்து நிமிடம் கிடைத்தது. அதுவும் யாருக்குக் கற்பித்தேன்? என்னோடு படித்த, எல்லா ஆசனமும் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்கு.

நான் யோகத்துக்கு வருமுன் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள்; கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயின்றவள். அங்கே எங்களை உண்மையான பாடசாலைக்கு, உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் அனுப்புவார்கள். விரிவுரையாளர் கடைசி வாங்கில் கொப்பியோடு இருப்பார். என் முதலாவது கணித பாடம் முடிந்ததும் அவர் எழுதித் தந்த குறிப்பு இன்றும் நினைவில் இருக்கிறது: "நீங்கள் கரும்பலகையோடு கதைக்கிறீர்கள்; பிள்ளைகளோடு கதையுங்கள்." யோக வகுப்பிலும் புதிய ஆசிரியர்கள் தம் பாயைப் பார்த்துக்கொண்டு தாமே ஆசனம் செய்து முடிப்பதையும், பின்வரிசையில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து நிற்பதைக் காணாமல் விடுவதையும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். யாராவது கடைசி வாங்கில் இருந்து பார்த்துச் சொன்னாலன்றி இந்தப் பழக்கம் போகாது.

ஆகவே மீண்டும் சொல்கிறேன்: எத்தனை தடவை கற்பிப்பீர்கள், யாருக்குக் கற்பிப்பீர்கள், யார் திருத்துவார் என்று கேளுங்கள். வெளியிலிருந்து, வயதானவர்களும் நோயுள்ளவர்களும் வந்து உங்கள் மாணவராக இருப்பார்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய் ஒரு வகுப்பின் ஓரத்தில் இருந்து பாருங்கள். கற்பிக்கிறவரின் கண் எங்கே போகிறது, அவர் யாரை நிறுத்துகிறார், யாருக்கு வேறொன்றைக் கொடுக்கிறார் என்று கவனியுங்கள். அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உயர் குருதி அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவருக்குச் சிரசாசனத்துக்குப் பதிலாக என்ன கொடுப்பீர்கள்? சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறவர் அதிகாலையில் வெறும் வயிற்றோடு வந்தால் எதைக் கவனிப்பீர்கள்? யோகம் எல்லா நோயையும் மாற்றும் என்று பதில் வந்தால், அந்த இடம் வேண்டாம். உடம்பில் சீனியின் அளவு திடீரெனக் குறையலாம் என்பதை அறிந்து, மருந்தையும் உணவையும் பற்றி முதலில் விசாரிக்கிறவரிடம் போங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பத்மாசனத்தில் மாணவரின் முழங்காலைக் கையால் நிலத்தை நோக்கி அழுத்துகிற ஆசிரியரிடம் பயிற்சிக்குப் போகாதீர்கள். இடுப்பு மூட்டின் குழி ஆளுக்கு ஆள் வேறுபடும். அங்கே போதிய சுழற்சி இல்லாதவருடைய காலை வலிந்து மடக்கினால், அந்தத் திருகல் முழங்காலில்தான் இறங்கும். கதவைப் போல ஒரே போக்கில் மடங்கி விரிவதே முழங்காலின் முக்கிய வேலை. முறுக்குவதற்கு அது ஏற்றதன்று. இதை அறியாத இடத்தில் உடற்கூற்றியலுக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தாலும் பயனில்லை.

சான்றிதழைப் பற்றி ஒரு சொல். யோகா அலையன்ஸ் என்பது ஒரு பதிவேடு. எந்த அரசாங்கத்தின் உரிமமும் அன்று. இந்தியாவில் மரபு மருத்துவத்துக்கான ஆயுஷ் அமைச்சின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியம், எழுத்து, செய்முறை என இரண்டிலும் பரீட்சை வைக்கின்றது. கனடாவிலோ லண்டனிலோ உறவினரோடு சேர்ந்து கற்பிக்க எண்ணுகிறவர்கள், அங்குள்ள நிலையங்கள் எதைக் கேட்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

இனி ஆயத்தம். குறைந்தது ஒரு வருடமாவது ஒரே ஆசிரியரிடம் மாணவராக இருங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் எழுதுங்கள்: ஆசிரியர் என்ன சொன்னார் என்பதை மட்டுமல்ல, எந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் உடம்பு சரியான இடத்துக்கு வந்தது என்பதையும். தமிழ்நாட்டின் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1969இல் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். அந்த மரபில் இன்றும் காலை ஐந்தரைக்கு எழும்பி, இரண்டு ஆசன வகுப்பு, தத்துவ வகுப்பு, சேவை, இரண்டே வேளை உணவு என்று ஒரு மாதம் ஓடுகிறது. இத்தகைய இடத்துக்குப் போகிறவர் இரண்டு மூன்று மாதம் முன்னரே அதிகாலையில் எழுந்து, நிலத்தில் அரை மணித்தியாலம் இருந்து பழகியிருந்தால் முதல் வாரம் வீணாகாது. யோக சூத்திரத்தை இயற்றிய பதஞ்சலி ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே சூத்திரங்களில்தான் என்பதையும், பத்தாம் திருமுறையான திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை விரித்துச் சொல்வதையும் முதலே படித்துக்கொண்டு போங்கள். திருமுறை எங்கள் வீடுகளில் இருக்கிற நூல்தானே.

மொழியையும் மறக்க வேண்டாம். பயிற்சி ஆங்கிலத்திலோ சென்னைத் தமிழிலோ நடக்கும். நீங்கள் கற்பிக்கப் போவது இங்கே. "தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியை நீட்டுங்கள்" என்று நான் சொன்ன காலத்தில் வகுப்பில் பாதிப்பேர் அசையாமல் நின்றார்கள். "நாரியை நிமிர்த்துங்கோ" என்றேன், எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். போகுமுன்னரே அம்மாவையோ அயலவர் ஒருவரையோ இருத்தி, வாயால் மட்டும் சொல்லி, நீங்கள் செய்து காட்டாமல், கைகளை உயர்த்தி இறக்க வைத்துப் பாருங்கள்.

கட்டணம், விசா, இணையவழிப் பயிற்சி ஆகிய மூன்றையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து சைகை வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். முற்பணம் கட்டுமுன், வர முடியாமற்போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானச் சீட்டு எடுக்குமுன், நீங்கள் சேரும் பயிற்சிக்கு எந்த வகை விசா பொருந்தும் என்று யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் கேளுங்கள். இணையவழிப் பயிற்சி என்றால், நீங்கள் ஓர் ஆளுக்குக் கற்பிப்பதைக் கமெராவில் பார்த்துத் திருத்துவார்களா என்று கேளுங்கள். கதிரையில் இருக்கும் ஒருவருக்குக் கற்பிப்பதையும் பார்ப்பார்களா என்று சேர்த்துக் கேளுங்கள்.

வணக்கம்.