வெட்டிய கருவேலம் துளிர்க்கிறது, பனை ஏன் துளிர்ப்பதில்லை?

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, சீமைக் கருவேலம் எத்தனை தடவை வெட்டினாலும் துளிர்த்துவிடுகிறது. பனை மட்டும் கொண்டை போனால் பட்டுப்போகிறது. பனைக்குக் காயத்தை ஆற்றத் தெரியாதா?" இரண்டு நாளாக இதே நினைப்புதான் எனக்கு.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், மறுபடியும் சொல்கிறேன்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, மூடுகிறது. நம் விரலில் வெட்டுப்பட்டால் செல்கள் நகர்ந்து வந்து இடத்தை நிரப்பும். செடியின் செல்லைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, நகர முடியாது. செத்த செல் செத்ததுதான். பக்கத்தில் உயிரோடு இருப்பவை பிரிந்து பெருகி மேலே போர்த்துகின்றன. எங்கள் வீட்டு வேம்பில் கொடி கட்ட அப்பா ஓர் ஆணி அடித்தார். பட்டை உதடுபோலத் தடித்து, இரண்டு பக்கமும் வந்து சேர்ந்து, இப்போது ஆணியின் தலையே தெரியவில்லை. ஆனால் ஆணி உள்ளேதான் இருக்கிறது, அடித்த அதே உயரத்தில்!

அந்த உதட்டை வளர்ப்பது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு. வேம்புக்கும் கருவேலத்துக்கும் அது உண்டு. பனைக்கும் தென்னைக்கும் கிடையாது. அதனால்தான் பனையில் கால் வைக்க வெட்டிய கொத்து எத்தனை வருடமானாலும் மூடாமல் நிற்கிறது. வளரும் நுனியும் ஒன்றே ஒன்று, குருத்து. அது போனால் மாற்று இல்லை.

கருவேலத்துக்கோ தூரில், மண்ணுக்குச் சற்றுக் கீழேகூட, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே உள்ள நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அவற்றை அடக்கி வைத்திருக்கும். மேலே வெட்டினால் அடக்க ஆள் இல்லை, எல்லாம் எழுந்துவிடும். தூரோடு தோண்டாமல் வெட்டுவது அதற்குக் கவாத்துதான். முருங்கைப் போத்து வேர்விடுவதற்கும் ஆக்சின்தான் காரணம். வெட்டுவாயில் அது சேர்ந்து வேரைக் கிளப்புகிறது. ஆக்சின் கூடினால் வேர், சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடினால் தளிர் என்று 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இரு விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவில் காட்டினார்கள்.

சரி, பனைக்கு ஒன்றுமே தெரியாதா? தம்பி, நீங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்: பனையேறுகிறவர் ஏன் தினமும் பாளையைச் சீவுகிறார்? நேற்றுச் சீவிய வாயைப் பனை அடைத்துவிடுகிறது. சாறு ஓடும் சல்லடைக் குழாய்களின் துளைகளில் காலோஸ் என்ற அடைப்புப் பொருள் படிந்து மூடிக்கொள்கிறது. மேலே தோல் வளர்க்கத் தெரியாத மரம், உள்ளேயிருந்து கதவைச் சாத்துகிறது. அடுத்த முறை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் சீவி எடுப்பது தாள் கனம்தான். அந்தத் தாள் விழுந்ததும் பாளை மறுபடி சொட்டத் தொடங்கும்.