பால்ரஸ் குண்டில் கோடு விழாது

சட்டக் கல்லூரி மாணவ மாணவியருக்கும் என்னை அழைத்த பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

28 ஆண்டுகள் தடய அறிவியல் ஆய்வகத்தில், துப்பாக்கிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஊருக்குப் போனால், கல்யாண வீட்டில் உட்கார்ந்தால், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "குண்டைப் பார்த்தாலே எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவீர்களாமே?" சில நேரம் சொல்லலாம். பல நேரம் சொல்ல முடியாது. முடியாதபோது "முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அதே வேலையில் சேர்ந்ததுதான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

குண்டில் கோடு எப்படி விழுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள், ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றின் குழலுக்குள் திருகு போலச் சுற்றிப் போகும் பள்ளங்களை வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டே போனால்தான் தடுமாறாமல் நேராகப் போகும். எத்தனை பள்ளம், எவ்வளவு அகலம், வலப்பக்கச் சுற்றா இடப்பக்கச் சுற்றா என்பதெல்லாம் தயாரிப்பாளர் முடிவு செய்வது. அந்த மாடலில் வந்த எல்லாத் துப்பாக்கிக்கும் அது பொது. ஆனால் பள்ளம் வெட்டுகிற கருவி வெட்ட வெட்டத் தேயும், நடுவே உலோகத் துணுக்கு சிக்கும். அப்புறம் வாங்கியவர் எண்ணெய் போடாமல் துருப்பிடிக்க விடுவார். இப்படி ஒவ்வொரு குழலுக்குள்ளும் நுண்ணிய கீறல்கள் சேர்கின்றன. அவை குண்டின் மேல் பதிகின்றன.

சந்தேகப்படும் துப்பாக்கி வந்தால், அதை வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ பஞ்சுப் பெட்டிக்குள்ளோ நாங்களே சுட்டு, நசுங்காத குண்டை எடுப்போம். கம்பாரிசன் மைக்ரோஸ்கோப் என்பது இரண்டு மைக்ரோஸ்கோப்புகளைப் பாலம் போட்டு இணைத்த கருவி. ஒரே வட்டத்தில் இடது பாதியில் இறந்தவர் உடலிலிருந்து எடுத்த குண்டு தெரியும், வலது பாதியில் நாங்கள் சுட்ட குண்டு. இரண்டையும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அதிலேயே போனதுண்டு. திடீரென்று இந்தப் பக்கத்துக் கோடுகள் அந்தப் பக்கத்துக் கோடுகளோடு ஓடிப் போய் ஒட்டிக்கொண்டால் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு வரவேண்டும் என்று மனம் ஏங்க ஆரம்பிப்பதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து.

எனக்கே அது நடந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ரிவால்வர் வழக்கில் "இதே துப்பாக்கி" என்று வரைவு எழுதிவிட்டேன். மூத்த அதிகாரி ஒருவர் என் வரைவைப் படிக்காமல் நேரே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து, "பள்ளத்தின் எண்ணிக்கை சேருது, அகலம் சேருது. அது அந்த மாடல் எல்லாத்துக்கும் சேரும்ப்பா. கீறல் எங்க சேருது, காட்டு" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. வரைவைக் கிழித்தேன். ஒரு மனிதனின் ஆயுள் அந்தத் தாளில் இருந்தது என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

அமெரிக்காவில் இதைவிடப் பயங்கரமாக நடந்தது. 1915-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணையாரும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் .22 குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். பண்ணையாள் சார்லஸ் ஸ்டீலோ பிடிபட்டார். அதிகம் படிக்காதவர். தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொண்ட ஆல்பர்ட் ஹாமில்டன் என்பவர் கூண்டில் ஏறி, ஸ்டீலோவின் ரிவால்வரில் உள்ள கீறல்களும் குண்டுகளில் உள்ள கீறல்களும் ஒன்றே என்று சாட்சி சொன்னார். ஜூரிகள் நம்பினார்கள். மரண தண்டனை. சிங் சிங் சிறையில் மின்சார நாற்காலிக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லாத நிலையில் தண்டனை நிறுத்தப்பட்டது. பிறகு ஆளுநர் உத்தரவில் மறுவிசாரணை. அந்த ரிவால்வரால் சுட்டுப் பார்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். ஹாமில்டன் சொன்ன கீறல்கள் இல்லை. பள்ளங்களின் தடமே வேறாக இருந்தது. 1918-இல் ஸ்டீலோ விடுதலையானார்.

அந்த விசாரணையில் இருந்த சார்லஸ் வெய்ட் அதோடு விடவில்லை. துப்பாக்கித் தயாரிப்பாளர்களிடம் போய்ப் போய் ஒவ்வொரு மாடலின் அளவையும் சேகரித்தார். 1925-இல் கால்வின் காடர்ட், பிலிப் கிராவெல் போன்றவர்களோடு சேர்ந்து நியூயார்க்கில் ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். துப்பாக்கி ஆய்வுக்குக் கம்பாரிசன் மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தவர் கிராவெல். நான் குனிந்து பார்த்த கருவிக்குப் பின்னால் சாகக் கிடந்த ஒரு பண்ணையாளின் கதை இருக்கிறது. அதை நினைக்காமல் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். நம் மேசைக்கு வருவதில் நாட்டுத் துப்பாக்கிகள் நிறைய. மலையோர கிராமங்களில் பன்றிக்கும் மானுக்கும் பட்டறையில் செய்துகொள்வது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, துணியோ நாரோ வைத்து இடித்து, சைக்கிள் பேரிங்கில் இருக்குமே, அந்தப் பால்ரஸ் குண்டுகளைப் போடுவார்கள். குழல் உள்ளே வழுவழுப்பு, பள்ளமே கிடையாது. பால்ரஸ் உருண்டை கடினமான எஃகு. அதில் ஒப்பிடத்தக்க கோடு விழாது.

அப்படி ஒரு வழக்கு. வயலில் காவலுக்குப் போனவர் இறந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரரின் துப்பாக்கி வந்தது. நான் எழுதியது இவ்வளவுதான்: இந்தத் துப்பாக்கி சுடும் நிலையில் உள்ளது. குழலில் மருந்து எச்சம் உள்ளது. கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கூற இயலாது. உடலில் இருந்த குண்டுகள் இதிலிருந்து வந்தனவா என்றும் கூற இயலாது. விசாரணை அதிகாரி மூன்று முறை போன் செய்தார். சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது இறந்தவரின் அம்மா எதிரே வந்து, "ஏன் சார், இவ்ளோ பெரிய மெஷின் வச்சிருக்கீங்க, அதுல தெரியலையா?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. இன்றும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் அந்த அறிக்கையில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

கோடு விழும் துப்பாக்கியிலும் தவறே வராது என்று நினைக்காதீர்கள். 2014-இல் அமெரிக்காவில் 218 ஆய்வாளர்களுக்குச் சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்த உறைகளிலும் துப்பாக்கியின் தடம் பதியும். வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து வந்தவற்றை ஒரே துப்பாக்கி என்று சொன்னது 100-க்கு ஏறக்குறைய 1. சின்ன எண்தான். அந்த 1 உங்கள் கட்சிக்காரராக இருந்தால்?

நம் சட்டத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி, அரசு ஆய்வக அறிக்கையை ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். தேவை என்று பட்டால் நீதிமன்றம் அவரை அழைத்து விசாரிக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. அழைக்கச் சொல்லி மனுப் போடுங்கள். குறிப்பேட்டைக் கேளுங்கள், இரண்டு பாதியும் தெரியும் போட்டோவைக் கேளுங்கள். இரண்டாவது ஆள் முடிவு தெரியாமல் பார்த்தாரா என்று கேளுங்கள். "கீறல் எங்கே சேருது, காட்டுங்க" என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்த ஆய்வாளர் கோபப்பட மாட்டார், போட்டோவை எடுத்து நீட்டுவார்.