களாவைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். களா என்று நான் சொல்வதை உங்களில் சிலர் கிளாக்காய் என்பீர்கள், சிலர் கெளாப்பழம் என்பீர்கள். கரட்டில் ஆடு மேய்த்தவர்களுக்கு நான் அடையாளம் சொல்ல வேண்டியதே இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதராக அடர்ந்து நிற்கும் முள்செடி. இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். பூவும் வெள்ளைதான், பக்கத்தில் எங்கோ மல்லிகை இருக்கிறது என்று தேடவைக்கும் மணம். காய் பச்சையிலிருந்து சிவந்து, பழுத்ததும் கறுத்துவிடும். நன்றாகக் கறுக்கும் முன்னால் கடித்துவிட்டால் உதடெல்லாம் பிசுபிசுவென்று பால் ஒட்டும், அது உங்களுக்கே தெரியும்.

காட்டில் தானாக முளைப்பது சிறுகளா. தோட்டத்தில் வைப்பது பெருங்களா, காய் பெரிதாக இருக்கும். சந்தையில் ஊறுகாய்க்கு வாங்குவது பெரும்பாலும் அதுதான். தெலுங்கில் வாக்காய் என்பார்கள், பருப்போடு சேர்த்து வைப்பார்கள். இந்தியில் கரோண்டா. பேக்கரி பன்னில் சிவப்பாக ஒன்று இருக்கிறதே, செர்ரி என்கிறோமே, அது பல நேரம் இந்தக் களாக்காய்தான். கொட்டையை எடுத்துவிட்டுச் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. களா பிடிக்காது என்கிற பிள்ளைகள்கூட அதை முதலில் பொறுக்கித் தின்றுவிடும்!

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். சேர மன்னன் ஒருவனுக்குப் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். கண்ணி என்றால் தலையில் சூடும் மாலை. பதிற்றுப்பத்தில் நான்காம் பத்து முழுக்க அவனைப் பற்றியது, பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார். சேரனுக்கு உரியது பனம்பூ அல்லவா? இவன் ஏன் களங்காயைச் சூடினான்? பழைய உரை காரணம் சொல்கிறது. முடிசூடும் நேரத்தில் தகுந்த கண்ணியும் முடியும் கிடைக்கவில்லை. களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்துகொண்டார்கள். இதே சேரன் இழந்த நாட்டை மீட்ட செய்தி அகநானூற்றில் இருக்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அவசரத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது களாப் புதர், அதனால்தான் அது அரசன் தலைக்கு ஏறியது. அந்த அளவுக்கு நம் மண்ணில் எங்கும் நின்ற செடி இது. புறநானூற்றிலும் யாழின் கரிய தண்டுக்குக் களங்கனியைத்தான் உவமை சொல்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அந்தக் கறுப்பைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், அதனால் அந்த உவமை எடுபட்டது.

இன்று நிலம் வாங்கியதும் முதல் வேலையாகப் பொக்லைன் வருகிறது. வரப்போரத்துக் களா, சூரை, காரை எல்லாம் ஒரே காலையில் போய்விடுகின்றன. அப்புறம் அதே வரப்பில் கல் ஊன்றிக் கம்பி கட்டுகிறோம். களா வேலி தண்ணீர் கேட்காது, ஆடுமாட்டை உள்ளே விடாது, கௌதாரிக்கு மறைவிடம் தரும், வீட்டுக்கு ஊறுகாயும் தரும். கம்பிவேலி எதைத் தரும்? புதராகத் தெரிவதை எல்லாம் வெட்டாதீர்கள். நேயர்களே, மறுபடியும் சொல்கிறேன், வெட்டும் முன் அது களாவா என்று ஒருமுறை பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஜெல்லி செய்முறையும் சொல்வதாக இருந்தேன், முடியாது போலிருக்கிறது. செங்காயாகப் பறித்தால் நன்றாக இறுகும், அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, களாவும் அரளியும் ஒரே குடும்பம். பால் வடிகிற காயெல்லாம் களா ஆகாது, தெரிந்தவரிடம் காட்டாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். விதையைக் காயவைத்துச் சேர்த்து வைக்க வேண்டாம், முளைப்பு சீக்கிரம் போய்விடும். பழம் தின்ற கையோடு விதைத்துவிடுங்கள். வணக்கம்.