சிரிக்க வைத்த ரோபோ போலீஸ் தொடர் ராணுவக் கிளர்ச்சியில் முடிந்தது ஏன்? பாட்லேபரின் கடைசி அத்தியாயங்கள்

[திரையில்: இரவு நேர டோக்கியோ. பின்னணியில் மெல்லிய இசை.]

வணக்கம் நேயர்களே. மூன்றாவது அத்தியாயத்தில் டோக்கியோ விரிகுடாவிலிருந்து ஒரு கடல் அரக்கன் எழுந்து வருகிறது; நான்காவதில் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பேய்க் கதை ஒன்று நடக்கிறது. இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த ஒரு தொடர், ஐந்தாவது அத்தியாயத்தில் ஜப்பானின் தலைநகரையே கிளர்ச்சி ராணுவத்தின் கையில் ஒப்படைத்துவிட்டது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. 1988இல் வெளியான பாட்லேபர் என்னும் அந்த அனிமே தொடர் ஏன் இப்படித் திரும்பியது, அந்தத் திருப்பத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மை வரலாறு என்ன, அதே இயக்குநர் 5 ஆண்டுகள் கழித்து இதே கதையை ஏன் மறுபடியும் எடுத்தார் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். அந்த மூன்றாவது கேள்விக்காகவே இதைக் கடைசிவரை பாருங்கள்.

[திரையில்: வெள்ளை, கறுப்பு நிறத்தில் இங்கிராம் இயந்திரம்.]

முன்கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். லேபர் என்பவை கட்டுமான வேலைகளுக்காக உருவான பெரிய நடக்கும் இயந்திரங்கள். அவற்றை வைத்துக் குற்றம் செய்பவர்களைப் பிடிக்க டோக்கியோ பெருநகரக் காவல்துறை தனிப் பிரிவு ஒன்றை அமைக்கிறது. அந்தப் பிரிவின் இரண்டாவது அணிதான் நம் கதாநாயகர்கள். அணி ஓட்டும் போலீஸ் லேபரான, ஏறத்தாழ 8 மீட்டர் உயரமுள்ள இங்கிராம் இயந்திரத்துக்கு ஆல்ஃபோன்ஸ் என்று பெயர் வைத்துச் செல்லம் கொஞ்சும் நோவா இசுமி, லேபர் தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி மகனான அசுமா, துப்பாக்கியை எடுக்கத் துடிக்கும் ஓத்தா, இவர்களையெல்லாம் மேய்க்கும் தூங்குமூஞ்சித் தலைவர் கோத்தோ. ஹெட்கியர் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த ஐந்து கலைஞர்களின் படைப்பு இது: மசாமி யூக்கி, யுத்தாகா இசுபுச்சி, அக்கேமி தக்காதா, எழுத்தாளர் கசுனோரி இத்தோ, இயக்குநர் மமோரு ஓஷீ. தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்பே, வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ கேசட்டாக, 4,800 யென் என்ற அந்தக் காலத்துக்கு மலிவான விலையில் இந்தத் தொடர் வெளியானது. முதலில் திட்டமிடப்பட்டவை 6 அத்தியாயங்கள் மட்டுமே. ஆகவே ஐந்தும் ஆறும் சேர்ந்த இரண்டு பகுதிக் கதைதான் அன்றைய முடிவு.

அந்தக் கதை இப்படித் தொடங்குகிறது. குளிர்காலம். அணியினர் விடுமுறையில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஹொக்காய்டோ தீவின் தோமக்கோமாயில், மதுக்கடை வைத்திருக்கும் தன் பெற்றோர் வீட்டுக்கு நோவா போயிருக்கிறாள். அசுமாவும் உடன் போயிருக்கிறான். அந்த நேரத்தில், கய் என்பவனின் தலைமையில் தற்காப்புப் படையின், அதாவது இன்றைய ஜப்பானிய ராணுவத்தின், ஒரு பிரிவினர் டோக்கியோவில் கிளர்ச்சியில் இறங்குகிறார்கள். அவர்கள் கையில் அணு ஆயுதம் வேறு இருக்கிறது. கய் என்பவன் கோத்தோவுக்குப் பழைய அறிமுகம் என்று தெரியவரும்போது, அதுவரை எதற்கும் அசையாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்த மனிதருக்குள் இருந்த இன்னொருவர் வெளியே வருகிறார். ஒருகாலத்தில் காவல்துறைக்குள் அவரைச் சவரக்கத்தி என்று அழைத்தார்கள் என்பதற்கான காரணம் நமக்கு அப்போதுதான் புரிகிறது.

இந்த இரண்டு அத்தியாயங்களில் என்னை மிகவும் கவர்ந்தது சண்டைக் காட்சிகள் அல்ல. நாட்டையே கவிழ்க்கும் நெருக்கடியை எதிர்கொள்பவர்கள் ஒரு நகரக் காவல்துறையின் கடைநிலைப் பிரிவினர் என்பதுதான். இதைச் சரியாக உணர வேண்டுமென்றால், நாம் 1936ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

[திரையில்: பனி மூடிய டோக்கியோவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

இந்தப் பகுதி சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு வியப்பான செய்திகள் இதில் இருக்கின்றன. 1936 பிப்ரவரி 26ஆம் தேதி விடியற்காலையில், தலைநகரில் கடும் பனி மூடிக் கிடந்தபோது, ஜப்பானியத் தரைப்படையின் இளம் அதிகாரிகள் சிலர் ஏறத்தாழ 1,400 வீரர்களைத் திரட்டிக்கொண்டு அரசின் மூத்த தலைவர்களைக் கொல்லப் புறப்பட்டார்கள். பேரரசரைச் சுற்றியிருக்கும் தீய ஆலோசகர்களை அகற்றினால் நாடு திருந்திவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நிதியமைச்சர் கொரெக்கியோ தக்காஹாஷி, அரண்மனையின் மூத்த ஆலோசகர் மக்கோத்தோ சைத்தோ, ராணுவப் பயிற்சித் தலைமை அதிகாரி ஜோத்தாரோ வத்தனாபே ஆகிய மூவரும் அன்று கொல்லப்பட்டார்கள். அரண்மனை அதிகாரி கந்தாரோ சுசுகி குண்டடி பட்டும் உயிர் பிழைத்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது பிரதமராக இருந்தவர் அவரேதான்.

பிரதமர் கெய்சுக்கே ஒக்காதாவுக்கு நடந்ததுதான் எந்தத் திரைக்கதையையும் மிஞ்சுவது. அவருடைய இல்லத்துக்குள் புகுந்த வீரர்கள், அவருடைய மைத்துனரான தென்சோ மத்சுவோவைப் பிரதமர் என்று எண்ணிச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உயிரற்ற முகத்தைப் பிரதமரின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேலை முடிந்ததென்று திருப்தியும் அடைந்தார்கள். அப்போது உண்மையான பிரதமர் அதே வீட்டில், பணிப்பெண்களின் அறையிலிருந்த அலமாரிக்குள் ஒளிந்திருந்தார். பிரதமர் இறந்துவிட்டார் என்று நாடே நம்பியது. மறுநாள், துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கூட்டத்தோடு கலந்து, முகத்தை மறைத்துக்கொண்டு, கிளர்ச்சியாளர்கள் காவல் காத்த அந்த வீட்டிலிருந்து அவர் நடந்தே வெளியேறினார். தன் சாவுக்கு வந்த கூட்டத்தோடு தானே தப்பிப் போன பிரதமர் உலக வரலாற்றில் வேறு எவராவது இருக்கிறாரா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் ஆவலோடு படிக்கக் காத்திருக்கிறேன்.

கிளர்ச்சி 29ஆம் தேதியே முடிந்துவிட்டது. பேரரசர் ஹிரோஹித்தோ இந்த அதிகாரிகளைத் தன் பக்தர்களாக ஏற்கவில்லை. அடக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். விமானத்திலிருந்து துண்டறிக்கைகள் வீசப்பட்டன, வானொலியில் படைவீரர்களுக்கு அறிவிப்பு வாசிக்கப்பட்டது, விளம்பர பலூன் ஒன்றில் எச்சரிக்கை வாசகம் தொங்கவிடப்பட்டது. வீரர்கள் தங்கள் முகாம்களுக்குத் திரும்பினார்கள். தலைமை தாங்கிய அதிகாரிகள் மேல்முறையீடு இல்லாத விசாரணைக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பாட்லேபருக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி இனிமேல்தான் வருகிறது. 1936இல் கிளர்ச்சியாளர்கள் முதலிலேயே கைப்பற்றிய இடங்களில் ஒன்று டோக்கியோவின் காவல்துறைத் தலைமையகம். நூற்றுக்கணக்கான வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்து நின்றபோது, போலீஸாரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அன்று காவல் நின்ற போலீஸார் 5 பேர் வெவ்வேறு இடங்களில் உயிரிழந்தார்கள். ராணுவம் துப்பாக்கியைத் தூக்கினால் காவல்துறை வெறும் வேடிக்கை பார்க்கும் அமைப்புதான் என்பதை அந்த விடியற்காலை காட்டிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு கார்ட்டூன் தொடர் அதே நகரத்தில், அதே காவல்துறையின் மதிக்கப்படாத ஒரு பிரிவை அதே போன்ற கிளர்ச்சியின் எதிரில் நிறுத்தி, இந்த முறை போலீஸாரை வெல்ல வைக்கிறது. ரோபோ வந்ததால் கிடைத்த வெற்றி என்று மட்டும் இதைப் பார்த்தால், கதையின் பாதியை நாம் தவறவிடுகிறோம். ராணுவத்தின் வேலை ராணுவத்துக்கு, தெருவின் ஒழுங்கு காவல்துறைக்கு என்று போருக்குப் பின் ஜப்பான் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டைத்தான் கோத்தோவின் அணி காப்பாற்றுகிறது. தற்காப்புப் படை 1954இல் உருவானது முதல், உள்நாட்டு ஒழுங்கைக் காக்க அதைத் தெருவில் இறக்கும் ஆணை ஒருமுறைகூடப் பிறப்பிக்கப்பட்டதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அன்றைய ஜப்பானியப் பார்வையாளருக்கு இந்தக் காட்சிகள் எவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதி முடிவை நோக்கி அவசரமாக ஓடுகிறது. கய் என்பவன் எதை நம்பி இவ்வளவு தூரம் வந்தான் என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை. இந்தக் குறையை ஓஷீயே உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் அவர் அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தார்.

[திரையில்: பனி பொழியும் டோக்கியோ, தெருமுனையில் நிற்கும் பீரங்கி வண்டி.]

1993 ஆகஸ்டில் வெளியான இரண்டாவது பாட்லேபர் திரைப்படம், அடித்தளத்தில் இதே கதைதான். மறுபடியும் பனி, மறுபடியும் டோக்கியோவில் ராணுவம், மறுபடியும் சிதறிப்போன அணியைக் கோத்தோ ஒன்றுசேர்க்கிறார். எழுதியவரும் அதே இத்தோ. இசை அதே கென்ஜி கவாய். ஆனால் எதிரியின் நோக்கம் முற்றிலும் மாறிவிட்டது. திரைப்படத்தின் எதிரியான த்சுகே, தென்கிழக்கு ஆசியாவில் ஐ.நா. அமைதிப் பணிக்கு லேபர் அணியோடு சென்றவன். தாக்குதல் தொடங்கியபோது திருப்பிச் சுட அனுமதி கேட்கிறான்; தலைமையிலிருந்து அனுமதி வரவில்லை; அவன் ஆட்கள் அழிந்துபோகிறார்கள். 1992இல்தான் ஜப்பான் முதன்முறையாகத் தன் தற்காப்புப் படையினரைக் கம்போடியாவுக்கு அனுப்பியிருந்தது என்பதால், இது அன்றைய செய்தித்தாளிலிருந்து நேரடியாக எழுந்த காட்சி. ஊர் திரும்பிய த்சுகே ஆட்சியைப் பிடிக்க விரும்பவில்லை. யோக்கோஹாமா விரிகுடாப் பாலத்தை ஏவுகணையால் தகர்த்து, காவல்துறையும் ராணுவமும் ஒன்றையொன்று சந்தேகிக்கும்படி செய்து, அமைதியில் சுகமாக இருக்கும் நகரத்துக்குள் போர்க்களத்தைக் கொண்டுவந்து வைக்கிறான். தற்காப்புப் படையைத் தெருவில் இறக்குவது இந்த முறை அரசாங்கமேதான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் தெரியும் இன்னொரு மாற்றம் நம் கதாநாயகர்களுடையது. தன் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்த நோவா, லேபரை நேசிப்பது மட்டுமே தெரிந்த பெண்ணாக இருக்க விரும்பவில்லை என்று திரைப்படத்தில் சொல்கிறாள். ஓத்தா பயிற்சி மாணவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறான். பழைய இங்கிராம்களை எடுத்துக்கொண்டு, கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதை வழியாக அவர்கள் கடைசி முறையாகப் புறப்படுகிறார்கள். த்சுகேயைக் கைது செய்பவர் முதல் அணியின் தலைவியும் அவனுடைய பழைய காதலியுமான நகுமோ. விரிகுடாவை நிரப்பி உண்டாக்கிய நிலத்தில், கடற்பறவைகளுக்கு நடுவே, விரல்கள் ஒரு கணம் பின்னிக்கொண்ட பிறகே அவர் கைவிலங்கைப் பூட்டுகிறார். 1988இல் இந்தக் கதைக்குள் இப்படி ஒரு காட்சிக்கு இடமே இருந்திருக்காது. மூன்றாவது கேள்விக்கு என் விடை இதுதான்: கிளர்ச்சியை முறியடிப்பது எப்படி என்பதைத் தொடரிலேயே சொல்லி முடித்துவிட்ட ஓஷீ, ஒரு மனிதன் எந்த இடத்தில் கிளர்ச்சியாளனாக மாறுகிறான் என்பதைச் சொல்லவே திரும்பி வந்தார்.

விற்பனை நன்றாக அமைந்ததால் 1989இல் ஏழாவது அத்தியாயம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதை இயக்கிய நவோயுக்கி யோஷிநாகாதான் பிறகு 47 அத்தியாயத் தொலைக்காட்சித் தொடரையும் இயக்கினார். நல்ல அத்தியாயம்தான், ஆனால் கிளர்ச்சிக் கதையின் எடை அதற்கு இல்லை.

புதிதாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு என் பரிந்துரை: முதல் நான்கு அத்தியாயங்களைத் தவறவிடாதீர்கள், அந்த விளையாட்டுத்தனத்தோடு பழகிய பிறகுதான் ஐந்தாவது அத்தியாயம் உங்களை உலுக்கும். அதன் பிறகு 1989இல் வந்த முதல் திரைப்படம், கடைசியாக 1993ஆம் ஆண்டுத் திரைப்படம். பார்த்து முடித்ததும், கய், த்சுகே ஆகிய இருவரில் யாருடைய வாதம் உங்களை அதிகம் தொந்தரவு செய்தது என்று எழுதுங்கள். என் வாக்கு த்சுகேக்கு. மறுப்பவர்களின் காரணங்களை அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசுகிறேன்.