நெஞ்சிலிருந்து எடுத்து மூக்கைக் கட்ட முடியுமா? உதட்டுப் பிளவுக் குழந்தைகளின் மூக்கு சீராவது இப்படித்தான்!

வணக்கம்! மூக்கு நுனியை விரலால் ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பாருங்கள். விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். அங்கே எலும்பு இல்லை, வெறும் குருத்தெலும்பு. உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைக்கும் இது பெரும்பாலும் இருக்கும். ஆனால் பிளவு உள்ள பக்கம் இடம் மாறித் தட்டையாகப் படிந்திருக்கும். மூக்குத் துவாரம் அகன்று, நடுச்சுவரும் கோணியிருக்கும்.

காரணம், கருவின் முதல் இரண்டு மாதங்களில் முகத்தின் பாகங்கள் சரியாக ஒட்டாமல் போவது. கிரகணத்தில் கத்தி எடுத்ததால்தான் என்று அம்மாக்களைக் குற்றம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் துளியும் உண்மை இல்லை.

சரி, சிகிச்சை. பிறந்த சில வாரங்களுக்குக் குருத்தெலும்பு நன்றாக வளைந்துகொடுக்கும். மேல் அண்ணத்தில் ஒரு தட்டைப் பொருத்தி, அதிலிருந்து நீளும் சிறு தண்டால் மூக்கை மெல்லத் தூக்கிவிடலாம். நியூயார்க்கில் 1990களில் பல்சீரமைப்பு மருத்துவர் பேரி கிரேசனின் குழு வளர்த்தெடுத்த முறை இது. மூன்று மாதம் வாக்கில் உதட்டைத் தைப்பார்கள். அப்புறம் முகம் வளர்ந்து முடிந்த பிறகு, பதின்பருவத்தின் பிற்பகுதியில், மூக்குக்கு முழுமையான அறுவை சிகிச்சை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த அறுவை சிகிச்சையில் மூக்குக்கு முட்டுக் கொடுக்கக் குருத்தெலும்பு எங்கே கிடைக்கும்? மூக்கின் நடுச்சுவர், காது. நிறைய வேண்டுமென்றால் நெஞ்சு! ஆறாவது, ஏழாவது விலா எலும்புகளின் முன்முனையிலிருந்து எடுப்பார்கள். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் சத்தே போதும். அதனால்தான் இடம் மாறினாலும் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் நேராகச் செதுக்கிய துண்டு தானாகவே வளையும். பச்சை மரப் பலகை காயும்போது கோணிக்கொள்வது போல! ஏன் என்று 1958இல் கிப்சன், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குருத்தெலும்பின் வெளி அடுக்கு எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சீவினால், மறுபக்கம் தன் பக்கம் இழுத்துவிடும். ஆகவே எல்லாப் பக்கமும் சமமாகச் சீவி நடுப்பகுதியை எடுக்க வேண்டும். செதுக்கியதும் உடனே வைக்காமல், உப்புநீரில் போட்டுக் காத்திருக்கும் மருத்துவர்களும் உண்டு. வளைவதெல்லாம் பாத்திரத்திலேயே வளையட்டும், மூக்குக்குள் போய் வளைய வேண்டாம் என்பதற்காக! அறுவை அரங்கின் அவசரத்துக்கு நடுவே இந்தப் பொறுமை எவ்வளவு அழகு!

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படிக் குழந்தை பிறந்தால், முதல் வாரத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவுக்கு இலவச சிகிச்சை உண்டு. இந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றே போட்டுவிடுங்கள்.