இரவில் அதுவும் பேசாதே

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, மேடைக்கு வர மறுத்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, எனக்குப் போர்த்திய சால்வையைச் சொந்தக் காசில் வாங்கிய நூலகர் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். வட்டாட்சியர் வந்ததும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்வேன்.

தந்த தலைப்பு, காற்றின் வெப்பமும் ஒலியின் வேகமும். மூன்று செய்திகள் சொல்வேன்: வெப்பம் ஏன் ஒலியை விரைவாக்குகிறது, அதைச் சென்னையில் அளந்த கதை, கச்சேரி நடுவே நாகசுரத்தின் சுருதி ஏறுவது ஏன்.

முதலாவது எளிது. காற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக் கைமாற்றும் அதிர்வே ஒலி. காற்று சூடேறினால் அவை வேகமாக ஓடும். அதிர்வும் சீக்கிரம் கைமாறும். 0 பாகை செல்சியஸில் நொடிக்கு 331 மீட்டர், பாகைக்கு 0.6 மீட்டர் வீதம் கூடி, நம் கத்திரி வெயிலில் 355ஐத் தொடும்.

இரண்டாவது, ஜான் கோல்டிங்காம். மதராஸ் வானாய்வு நிலையத்தின் வானியலாளர். இன்றைய ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. 1820, 21ஆம் ஆண்டுகளில், கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கியின் மின்னலைப் பார்த்து, சத்தம் வரும்வரை நொடிகளை எண்ண வைத்தார். பரங்கிமலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சத்தம் வர 26 நொடி. 25 பாகைக்கும் 35 பாகைக்கும் வேறுபாடு அரை நொடிகூட இல்லை! அதைப் பிடித்துவிட்டார் மனிதர். மாதத்துக்கு மாதம் வேகம் மாறிய அந்தக் கணக்கை 1823இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது.

ஆனால் அவருக்கு முன்பே நம் பாட்டிமார் சொல்லிவிட்டார்கள்: பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே.

என் பெரியப்பா பேசினார். தை மாதப் பின்னிரவு, ஏரிக்கரையில் மடைக்காவல். கூட வேலு மாமா மட்டும். "மணியக்காரர் வயலுக்குப் போகும் தண்ணீருக்குக் கணக்கே இல்லை. அவர் வீட்டம்மாவிடம் கணக்கைக் கொடுத்தால்தான் ஊர் உருப்படும்" என்றார். விடிந்தது. மணியக்காரர் வாசலில் வந்து நின்று, "வீட்டம்மாவை அழைத்து வரட்டுமா, கணக்குப் பார்க்க?" என்று கேட்டார். அக்கரைக் களத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாராம். பெரியப்பா நம்பவில்லை. நண்பகலில் என்னை அக்கரையில் நிறுத்தி, இக்கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. போதாதா? காட்டிக்கொடுத்தவர் வேலு மாமாவேதான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒன்பது ஆண்டுகள் பேச்சு வார்த்தை இல்லை. பந்தியில்கூட எதிரெதிரே உட்காரமாட்டார்கள். நான் பி.எஸ்சி. படித்து வந்து விளக்கினேன். பகலில் தரையருகே காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேல் போய்விடும். பின்னிரவில் கீழே குளிர்ச்சி, மேலே சூடு. மேலே விரைந்த ஒலி வளைந்து கீழே இறங்கும், நேராகக் கயிற்றுக் கட்டிலுக்கு. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலு மாமா வீட்டுக்குப் போனார்.

ஆய்வாளர் ஐயா சிரிக்கிறார். இந்த நேரத்தில்தான் கேட்கவேண்டும். அந்த ஏரிக்கரையில் இப்போது கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். "அரை மைல் தள்ளித்தானே" என்கிறார்கள். தை இரவில் அரை மைல் ஒரு தூரமா? என் வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். இரவில் அதுவும் பேசாதே என்று சொன்ன ஊரில் விதி எதற்கு என்று விட்டுவிட்டோமா?

நாகசுரத்தை அடுத்த ஆண்டு பார்ப்போம். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் அம்மையார் முதல் கையெழுத்திட்டால் மற்றவர்களுக்குத் துணிவு வரும். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. மைக்கை அணைத்துவிடுகிறேன்.