கேம் மூடிக்கொண்டால் யார் மேல் குற்றம்?

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் என் அக்கா மகன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மாமா, கேம் அரை மணி நேரத்துல தானா மூடிக்குது. மத்ததெல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றான். அதற்குள் விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டுப் பார்த்து, அந்த கேமைச் செய்தவர்களையும் ஆசைதீரத் திட்டிவிட்டிருந்தான்.

எனக்கு ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், மேல்தான் சந்தேகம் போனது. காரணம் ஒரு பழைய கதை. 2005-இல் வந்த 'கில்டு வார்ஸ்' என்ற இணைய விளையாட்டு நின்றுபோவதாக வந்த புகார்களில் சில, அதை உருவாக்கியவர்களுக்கே புரியவில்லை. நிரலைப் பார்த்தால் அப்படி நடக்கவே வழியில்லை. சரி என்று மைக் ஓ'பிரையன் என்பவர் விளையாட்டுக்குள்ளேயே ஒரு சோதனையை ஒளித்துவைத்தார். நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடித்து, விடை முன்பே தெரிந்த கணக்குகளை விநாடிக்கு 30 முதல் 50 முறை போட்டுப் பார்க்கும். நல்ல கணினியில் அது ஒருமுறைகூடத் தவறக் கூடாது. ஆனால் விளையாடியவர்களின் கணினிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றில் தவறியது! அளவுக்கு மீறி முடுக்கிய பிராசஸர், தப்பாக அமைத்த நினைவகம், திராணியில்லாத பவர் சப்ளை, தூசியும் சூடும். இவைதான் காரணங்கள்.

மின்னஞ்சலில் தெரியாத கோளாறு கேமில் மட்டும் ஏன் தெரிகிறது? ரேமின் ஒவ்வொரு அறையும் ஓட்டை வாளி மாதிரி. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் கூடும். கடிதம் தட்டுகிறவர் அந்தப் பழுதான அறைப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். பெரிய கேமோ பத்து ஜிபிக்கு மேல் பரப்பிக்கொண்டு எல்லா அறைக் கதவையும் தட்டும். பக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டு அடுப்பாக எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு அறையில் இருப்பது ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. மின்னூட்டம் கசிந்தால் ஒன்று மற்றொன்றாகப் புரளும். அப்படிப் புரண்ட பிட் கேமில் வரும் சுவரின் படத்தில் விழுந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். நினைவக முகவரியில் விழுந்தால் கேம் அங்கேயே சாயும். சேமித்துவைத்த ஆட்டத்தில் விழுவதுதான் என்னைக் கேட்டால் மகா கொடுமை. பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

பிட் புரள்வது கேமில் மட்டும் நடப்பதில்லை. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் கணினி வழி நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டிருந்தால் சரியாக அந்த எண்தான் வரும். விண்வெளிக் கதிர் செய்த வேலை என்று பலர் சொல்வார்கள், நிரூபணம் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்வெளிவரை போகாதீர்கள், முதலில் பயாஸை, அதாவது கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புகளை, பாருங்கள்.

மருமகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். பயாஸில் எக்ஸ்எம்பி, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓடவிடும் அமைப்பு, போட்டிருந்தது. ரேம் 3600 வேகத்தில் ஓடியது. பெட்டியில் அச்சிட்ட வேகம்தானே என்றான். அவனுடைய ரேம் வகையான டிடிஆர்4-க்கு வகுத்த தர அளவு 3200 வரைதான். அதற்கு மேலே போவது முடுக்குதல்தான். எல்லா மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டினேன், ஒரு பிழைகூட இல்லை.

கேம் இப்போது மூடிக்கொள்வதில்லை. ஆனால் விநாடிக்கு வரும் ஃபிரேம் (படங்கள்) கொஞ்சம் குறைகிறதாம், ரேமின் வேகத்தை ஏற்றட்டுமா என்று நேற்று போன் செய்தான். 3400-இல் வைத்து ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டு அப்புறம் பேசு என்றிருக்கிறேன்.